‘கண்ணைப் பார்த்துப் பேசுறாளே, அப்புறம் என்னம்மா?’

கேள்வி: சேலம் சிவதாபுரத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை, வீட்டோடு சேர்ந்தது. மூத்தவனுக்கு 3 வயதிலேயே ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது 16 ஆகிறது. இளையவளுக்கு 12 வயது, 7-ஆம் வகுப்பு. நன்றாகப் படிக்கிறாள், பள்ளியில் ஒரு குறை சொன்னதில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும்போதே அழுகை, கத்தல், கதவைச் சாத்திக்கொள்வது. அடங்க ஒரு மணி நேரம் ஆகும். ஆறாம் வகுப்பில் பள்ளி மாறியதிலிருந்து அதிகம். சின்ன வயதிலிருந்தே தலையில் பூ வைக்க விடமாட்டாள், கொலுசு போடமாட்டாள். தட்டுவடை செட் வாங்கினால் தட்டு மட்டும்தான், சட்னி படக்கூடாது. கொரியப் பாட்டுக் குழு ஒன்றைப் பற்றியே நாள் முழுக்கப் பேச்சு. அண்ணனுக்கு இருப்பது இவளுக்கும் இருக்குமோ என்று ஒரு மருத்துவரிடம் காட்டினோம். பத்து நிமிடம் பேசிவிட்டு, ‘கண்ணைப் பார்த்துப் பேசுறாளே, அப்புறம் என்னம்மா? அண்ணனைப் பார்த்துக் காப்பி அடிக்கிறா’ என்றார். பெண் பிள்ளைக்கு இப்படியொரு பேரை வாங்கி வைக்காதே என்கிறார் மாமியார். நான் வீணாகக் கவலைப்படுகிறேனா?

பி.கு.: கண்ணைப் பார்ப்பதைப் பற்றி அவளிடமே கேட்டேன். ‘பார்த்து மூணு எண்ணிட்டு கீழ பாப்பேன்மா, அப்புறம் மறுபடி மூணு’ என்றாள்.

— ஒரு தாய், சேலம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பின்குறிப்பில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை மருத்துவரிடம் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும். எதிரே இருப்பவரைப் பார்ப்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூச்சு விடுவது மாதிரி. யாரும் எண்ணிக்கொண்டு செய்வதில்லை. உங்கள் பெண் எண்ணுகிறாள். பேசுவதைக் கேட்க வேண்டும், பதிலை யோசிக்க வேண்டும், நடுவே ஒன்று, இரண்டு, மூன்று என்று கணக்கும் வைக்க வேண்டும். காலை 9 மணியிலிருந்து மாலை 4 மணி வரை இதைச் செய்துவிட்டு வருகிற பிள்ளை வாசலில் ஷூவைக் கழற்றும்போது உடைந்துபோகிறாள் என்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு ஆட்டிசம் இருக்கிறது என்றோ இல்லை என்றோ நான் சொல்லக்கூடாது. முழு மதிப்பீடு செய்துபார்க்கக் காரணம் இருக்கிறதா என்று கேட்டால், தாராளமாக இருக்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தம்பி தங்கைகளைக் கைக்குழந்தையிலிருந்து தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அதே கண்டறிதல் வந்திருக்கிறது. அண்ணனுக்கு இருக்கிறது என்பதே தங்கையை முறையாகப் பார்க்கப் போதுமான காரணம். அதையே ‘காப்பி அடிக்கிறா’ என்று திருப்பிவிட்டால் எப்படி? மூன்று எண்ணிவிட்டுக் கீழே பார்ப்பதை அவள் எந்த அண்ணனிடம் கற்றிருப்பாள்?

ஆனாலும் பழியை முழுக்க அந்த மருத்துவர் தலையில் கட்ட மாட்டேன். அளக்கிற அளவுகோலே பையன்களை வைத்துச் செய்தது. அமெரிக்காவில் லியோ கானர் 1943-ல் ஆட்டிசத்தை விவரித்தபோது அவர் எழுதிய 11 பிள்ளைகளில் 8 பேர் பையன்கள், 3 பேர் பெண்கள். மறு ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் விவரமாக எழுதிய நான்கு பேருமே பையன்கள். பின்னால் வந்த கேள்வித்தாள்களும் அந்தச் சாயலிலேயே அமைந்தன. கார் பொம்மையை வரிசையாக அடுக்குகிறானா, சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறானா என்று கேட்பார்கள். கார் பொம்மையே வைத்திருக்காத பெண்ணைப் பற்றிக் கேட்டால் ‘இல்லைங்க’ என்றுதான் அம்மா சொல்வார். வளையல்களை நிறவாரியாக அடுக்கி, ஒன்று இடம் மாறினாலும் முதலிலிருந்து தொடங்குவாளா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஒரு பெண்ணுக்கு நாலு பையன் என்பதுதான் வெகுகாலம் புத்தகங்களில் இருந்த கணக்கு. 2017-ல் 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் உண்மை விகிதம் மூன்றுக்கு ஒன்றை ஒட்டியே இருக்கும் என்று தெரிந்தது. ஏற்கெனவே கண்டறியப்பட்டவர்களை மட்டும் எண்ணினால் பையன்கள் கூடுதலாகத் தெரிகிறார்கள். ஊருக்குள் இறங்கி எல்லாப் பிள்ளைகளையும் சோதித்தால் இடைவெளி குறைகிறது. அமெரிக்காவில் 8 வயதுப் பிள்ளைகளிடம் இரண்டாண்டுக்கொருமுறை எடுக்கும் கணக்கில் பையன்களின் எண்ணிக்கை 2018-ல் பெண்களைப்போல் 4.2 மடங்கு, 2020-ல் 3.8, 2022-ல் 3.4. நான்கே ஆண்டில் பெண்களின் மூளை மாறிவிடாது; பார்க்கிற கண் மாறிக்கொண்டு வருகிறது. அதற்காக ஆணும் பெண்ணும் சரிசமம் என்று சொல்ல வரவில்லை. பெண்களிடம் ஆட்டிசம் வெளிப்பட மரபணுச் சுமை கொஞ்சம் கூடுதலாக வேண்டியிருக்கிறது என்பதற்கு ஆதாரங்கள் உண்டு. ஆக, குறைவுதான். ஆனால் நினைத்த அளவுக்குக் குறைவில்லை.

இன்னொன்று: ஒரே அளவு ஆட்டிசக் கூறுகள் உள்ள பையனையும் பெண்ணையும் ஒப்பிட்டால், பெண்ணுக்குக் கண்டறிதல் கிடைக்க அறிவுத்திறன் குறைபாடோ பெரிய நடத்தைச் சிக்கலோ கூடவே தேவைப்பட்டிருக்கிறது. இதை இங்கிலாந்தில் 2012-ல் காட்டினார்கள். அதாவது படிப்பில் கெட்டி, வகுப்பில் அமைதி என்றால் பெண் தப்பிவிடுவாள். தப்பிவிடுகிறாள் என்று சொல்வதைவிட விடுபட்டுப் போகிறாள் என்று சொல்லலாம். அதிலும் நம் வீடுகளில் இந்த விடுபடல் கூடுதல். பேசாமல் இருக்கிற பையனைப் பார்த்து ‘என்னாச்சு, டாக்டர்கிட்ட காட்டுனீங்களா’ என்று கேட்கிற அதே அத்தை, பேசாமல் இருக்கிற பெண்ணைப் பார்த்து ‘எவ்வளவு அடக்கமான பொண்ணு’ என்று கன்னத்தை வழிப்பார்.

பள்ளி மைதானத்தில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைக் கவனித்த ஆய்வு ஒன்று 2017-ல் வந்தது. பையன்கள் தனியாக ஓரத்தில் இருந்தார்கள், தூரத்திலிருந்தே தெரிந்தது. பெண்கள் கும்பலை ஒட்டியே நின்றார்கள், உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தார்கள். மாடியிலிருந்து பார்க்கிற ஆசிரியைக்கு ‘அவ கூட்டத்தோடதான் இருக்கா’ என்றே படும். பேச்சில் கலந்தாளா, யாராவது அவளை விளையாட்டுக்குக் கூப்பிட்டார்களா என்பது கிட்டே போனால்தான் தெரியும்.

இதை மாஸ்கிங் என்பார்கள். நம் சொல் இன்னும் பொருத்தமானது: சமாளிப்பு. அடுத்தவர் சிரித்ததும் அரை நொடி தாமதமாகச் சிரிப்பது, சீரியலில் கேட்ட வசனத்தைப் பத்திரப்படுத்தி வைத்திருந்து சரியான இடத்தில் எடுத்துவிடுவது, ஒரே ஒரு தோழியைப் பிடித்துக்கொண்டு அவள் நடை, கையெழுத்து, சிரிப்பு எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வது. அந்தத் தோழி விடுப்பு எடுத்த நாளில் மட்டும் வயிற்றுவலி வரும். 2013-ல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற கண்டறிதல் நூலிலேயே இதற்கு இடம் இருக்கிறது: அறிகுறிகள் சிறுவயதில் தொடங்கியிருக்க வேண்டும், ஆனால் சூழல் கேட்பது பிள்ளையின் சக்தியைத் தாண்டும்வரை முழுதாக வெளிப்படாமல் இருக்கலாம், கற்றுக்கொண்ட உத்திகளால் மறைந்தும் இருக்கலாம். ஆறாம் வகுப்பில் என்ன நடந்தது என்று யோசியுங்கள். ஒரே டீச்சர் போய்ப் பாடத்துக்கு ஒருவர் வந்தார். ‘நொண்டி ஆடலாம் வாடி’ என்பதோடு முடிந்த நட்பு, யார் யாரோடு பேசுவதில்லை என்ற அரசியலாக மாறியது. சூழல் கேட்கிற விலை ஒரேயடியாக ஏறிவிட்டது.

கொரியப் பாட்டு எல்லாப் பெண்களுக்கும் பிடிக்கும்தானே என்று உங்களுக்குத் தோன்றும். தலைப்பைப் பார்க்காதீர்கள், பிடியைப் பாருங்கள். பஸ், ஃபேன், லிஃப்ட் என்று பையன்கள் பிடிக்கிற விஷயங்கள் வித்தியாசமாகத் தெரிவதால் நாம் கவனிக்கிறோம். பெண்களின் விருப்பம் பெரும்பாலும் வயதுக்கு ஏற்ற தலைப்பிலேயே இருக்கும்: பூனை, நடிகை, நகப்பூச்சு, ஒரு பாட்டுக் குழு. குழுவில் இருப்பவர்களின் பிறந்த தேதி, உயரம், எந்தப் பாட்டு எந்த நாளில் வந்தது என்பதையெல்லாம் வரிசையாகச் சொல்கிறாளா? எதிரில் இருப்பவர் கொட்டாவி விட்டாலும் நிறுத்தத் தெரியவில்லையா? பாதியில் குறுக்கிட்டால் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறதா? பாட்டைக் கேட்டு ஆடுவதைவிட அட்டவணை போடுவதில்தான் சுகம் காண்கிறாளா? இவற்றை எழுதிவையுங்கள்.

பூவும் கொலுசும் அடம் என்ற கணக்கில் போயிருக்கும், கொலுசுக்காரர் வீட்டுப் பெண்ணாக இருந்தால் இன்னும் அதிகமாகவே. கொஞ்சம் அவள் உடம்பிலிருந்து யோசித்துப் பாருங்கள். அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் ஒலிக்கும் சலங்கை, கணுக்கால் எலும்பில் ஓயாமல் உரசும் கொக்கி. மற்றவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் மறந்துபோகிற உரசல் அவளுக்கு மறப்பதே இல்லை. மல்லிகை மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நாள் முழுக்க மணக்கிறது, அதைக் குத்திய ஹேர்பின் மண்டையை இழுக்கிறது. மொறுமொறு தட்டில் சட்னி பட்டால் பாதி நொறுங்கும், பாதி ஊறும். ஒரு வாய்க்குள் இரண்டு பதம். புலன் உணர்வு மிகையாகவோ குறைவாகவோ இருப்பதும் டி.எஸ்.எம்.-5-ல் ஒரு கூறு. சமூகத் தொடர்பில், கொடுத்து வாங்கும் பேச்சு, கண்-முக-உடல்மொழி, நட்பு என்ற மூன்று கூறுகளிலும் சிக்கல் இருக்க வேண்டும். திரும்பத் திரும்பச் செய்தல், மாறாத வழக்கம், ஆழ்ந்த பிடிப்பு, புலன் வேறுபாடு என்ற நான்கில் இரண்டு இருந்தால் போதும். உங்கள் கடிதத்தில் இந்த இரண்டாவது பட்டியல் நிறையவே தெரிகிறது. முதல் பட்டியல்தான் சமாளிப்புக்குள் ஒளிந்திருக்கும். மதிப்பீட்டில் அதைத்தான் தேட வேண்டும்.

வேறு எதுவாகவும் இருக்கலாமா? இருக்கலாம். பதற்றக் கோளாறு, கவனக்குறைவு மட்டும் தெரிகிற ஏ.டி.எச்.டி., வீட்டில் பேசி வெளியில் வாயடைத்துப்போகிற மௌனம் இவையெல்லாம் ஆட்டிசத்தோடு சேர்ந்தும் வரும், தனியாகவும் வரும். பிரித்துப் பார்க்க உதவுவது காலம்தான். பூவும் கொலுசும் சின்ன வயதிலிருந்தே என்கிறீர்கள், அது முக்கியம். ஆறாம் வகுப்புக்கு முன் ஒன்றுமே இல்லாமல் திடீரென வந்திருந்தால் முதலில் கேலி, மிரட்டல், யாராவது தவறாக நடந்துகொண்டார்களா என்பதைத்தான் விசாரிக்க வேண்டும். சமாளித்துப் பழகிய பெண்கள் பெரியவர்கள் எது சொன்னாலும் சரி என்று தலையாட்டுவார்கள் என்பதால், எப்படியிருந்தாலும் இதைக் கேட்டுவிடுங்கள். அப்படி ஏதாவது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். எடை குறைகிறது, சாப்பாட்டு வகை சுருங்கிக்கொண்டே போகிறது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிறாள் என்றால் ஆட்டிச மதிப்பீட்டுக்குக் காத்திருக்காமல் உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். இரவு நேரமானால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள்.

இனி, வெறுங்கையோடு மதிப்பீட்டுக்குப் போகாதீர்கள். பத்து நிமிட அறையில் உங்கள் பெண் சமாளித்துவிடுவாள். அதைத்தான் அவள் தினமும் பயிற்சி எடுக்கிறாள். ஒரு 40 பக்க நோட்டில் 14 நாள் எழுதுங்கள். தேதி, எத்தனை மணிக்கு வெடித்தது, அதற்கு முந்திய ஒரு மணி நேரம் எங்கே இருந்தாள், எவ்வளவு நேரம் நீடித்தது, எதனால் அடங்கியது. ‘ரொம்ப அழுதாள்’ என்று எழுதினால் யாருக்கும் பயன் இல்லை, ‘4.40 முதல் 5.35 வரை, போர்வைக்குள் போனதும் அடங்கியது, அன்று பி.டி. பீரியடில் குழு பிரித்தார்கள்’ என்று எழுதினால் பாதி மதிப்பீடு முடிந்த மாதிரி. முடிந்தால் அந்த 14 நாளில் நாலைந்து விடுமுறை நாளும் வரட்டும். விடுமுறையில் வெடிப்பே இல்லை, பள்ளி திறந்த அன்று மாலையே வருகிறது என்றால் அது ஒரு பெரிய தடயம். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கோ குகை வண்டி வேடிக்கைக்கோ போய்வந்து அடுத்த இரண்டு நாள் சுருண்டு படுத்திருந்தால் அதையும் குறியுங்கள்.

அழும்போது போனைத் தூக்கி வீடியோ எடுக்காதீர்கள். அவள் உங்களை மன்னிக்க மாட்டாள், சரியும் அல்ல. வேண்டியது பழைய வீடியோ. எல்.கே.ஜி. ஆண்டு விழா நடனம் இருந்தால் அவளை மட்டும் பாருங்கள். பாட்டுக்கு ஆடுகிறாளா, பக்கத்துப் பெண்ணின் காலைப் பார்த்து ஒரு அசைவு பிந்தி ஆடுகிறாளா? அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் கொஞ்சம் அப்படித்தான், அதனால் இது ஒன்றே சாட்சி ஆகாது. ஆனால் பிறந்தநாள் வீடியோவில் எல்லாரும் கேக்கைப் பார்க்கும்போது அவள் எதைப் பார்க்கிறாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எத்தனையாவது அழைப்பில் திரும்புகிறாள் என்று நாலு இடம் சேர்ந்தால் உருவம் கிடைக்கும். 5 வயதுக்கு முந்தைய இரண்டு மூன்று துண்டுகள் போதும்.

வகுப்பாசிரியரிடம் ‘ஏதாவது பிரச்சனை இருக்கா மிஸ்’ என்று கேட்டால் ‘ஒண்ணுமே இல்லைங்க, தங்கமான பொண்ணு’ என்று முடிந்துவிடும். கேள்வியை உடைத்துக் கேளுங்கள். இடைவேளையில் எங்கே நிற்கிறாள்? பேச்சை அவள் தொடங்குகிறாளா, பதில் மட்டும் சொல்கிறாளா? நெருங்கிய தோழி வராத நாளில் யாரோடு சாப்பிடுகிறாள்? பிள்ளைகளே குழு பிரித்துக்கொண்டால் கடைசியில் மிஞ்சுவது யார்? பீரியட் மாறினால், புது டீச்சர் வந்தால் முகம் எப்படிப் போகிறது? பதில்களை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தோடு வாங்கினால் நல்லது.

பெண்ணிடமும் கேளுங்கள், ஆனால் முகத்துக்கு நேரே உட்கார்ந்து விசாரிக்காமல், பூண்டு உரிக்கும்போதோ வண்டியில் பின்னால் உட்கார்ந்திருக்கும்போதோ. ‘பேசறதுக்கு முன்னாடி மனசுக்குள்ள ஒரு தடவ சொல்லிப் பாத்துக்குவியா கண்ணு?’ ‘மூணு எண்ணும்போது அவங்க பேசறது காதுல விழுமா?’ ‘கூட்டத்துல எப்ப சிரிக்கணும்னு எப்படிக் கண்டுபிடிப்ப?’ அவள் சொல்வதை அவள் சொற்களிலேயே எழுதுங்கள். நம் மொழிக்கு மாற்றினால் சாரம் போய்விடும்.

யாரிடம் போவது? குழந்தை மனநல மருத்துவர், குழந்தை வளர்ச்சி மருத்துவர், அல்லது இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர். பதிவு எண்ணைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். தெரப்பி மையத்தில் வகுப்பு எடுப்பவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் கண்டறிதல் எழுதித் தர முடியாது. செலவு இல்லாத வழி அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. புறநோயாளி நேரம் காலை என்பதால் முதல் நாள் சீட்டுப் போட்டு, மதிப்பீட்டுக்கென்று தனி நாள் கேட்டு வாங்குங்கள். எங்கே போனாலும் முன்கூட்டியே ஒன்று கேளுங்கள்: ‘நல்லாப் படிக்கிற பெண் பிள்ளைகளுக்கு மதிப்பீடு செய்திருக்கீங்களா, எத்தனை சந்திப்பு ஆகும்?’ ஒரே சந்திப்பில் முடித்துவிடலாம் என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். உங்களிடம் வளர்ச்சி வரலாறு, அவளோடு தனியாகப் பேச்சு, அறிவுத்திறன் சோதனை, பதற்றம் இருக்கிறதா என்ற ஆய்வு எல்லாம் சேர்ந்தால் இரண்டு மூன்று சந்திப்பு சாதாரணம். காது கேட்கும் பரிசோதனை, கண் பரிசோதனை முடிவுகளை முன்பே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். மூத்தவனுக்கு நிரப்பிய எம்-சாட் கேள்வித்தாளை நினைவிருந்தால் மறந்துவிடுங்கள். அது 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் விஷயத்தில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நம் நாட்டில் ஆட்டிசத்துக்கான ஊனச் சதவீதத்தை ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற அளவுகோலால் கணக்கிடுகிறார்கள். 40 கூறுகள்; ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. அந்த நடத்தை 20 சதவீத நேரம் வரை மட்டும் தெரிந்தால் 1, 80 சதவீதத்தைத் தாண்டினால் 5. மொத்தம் 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை, 70 முதல் 106 வரை லேசானது, 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். 70 வந்தால்தான் 40 சதவீதம்; சலுகைகளுக்கு அந்த 40 வேண்டும். இப்போது உங்கள் பெண்ணுக்குக் கணக்குப் போடுங்கள். பத்துக் கூறுகள் ‘பெரும்பாலும்’ இருந்து 4 வாங்குகிறாள், மீதி முப்பதிலும் 1. மொத்தம் 70, விளிம்பில் நிற்கிறாள். அதே பத்துக் கூறுகளையும் அறையில் பார்த்தவர் 3 என்று போட்டால் 60; இல்லை என்று எழுதிவிடுவார்கள். சொன்னதையே திருப்பிச் சொல்வது, ‘நான்’ என்பதற்கு ‘நீ’ என்பது போன்ற, இவளிடம் இருக்க வாய்ப்பே இல்லாத கூறுகளும் அந்த 40-ல் உண்டு. அதனால் டி.எஸ்.எம்.-5 படி கண்டறிதல் கிடைத்து, சான்றிதழ் கிடைக்காமல் போகலாம். இரண்டும் வெவ்வேறு. மதிப்பெண் போடும்போது வீட்டில் நடப்பதையும் சேர்த்துத்தான் போட வேண்டும். அந்த 14 நாள் நோட்டு அங்கே பேசும்.

கிடைத்தால், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று என்பதால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு வழி உண்டு. மாற்றுத்திறனாளி அட்டை வாங்கும் நடைமுறை மூத்தவனுக்குச் செய்ததேதான். அரசுப் படிவங்களில் ஆட்டிசத்துக்கு ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்றொரு பெயர் வரும். அதைப் படித்துவிட்டு ‘இது எங்க பொண்ணு இல்லை’ என்று திரும்பிவிடாதீர்கள். உங்கள் பெண் நாள் முழுக்கப் புற உலகத்தைப் பற்றியே சிந்தித்துக் களைத்துப்போகிறவள். பெயர் வைத்தவர்கள் அவளைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

மாமியார் பேச்சுக்கு வருவோம். அவர் பயம் கல்யாணத்தைப் பற்றியது, அதை அசட்டுத்தனம் என்று ஒதுக்க மாட்டேன். அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: மதிப்பீட்டு அறிக்கை நம் பீரோவில் இருக்கும் காகிதம். பள்ளிக்கோ சொந்தக்காரர்களுக்கோ காட்ட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன்படி மருத்துவர் தரப்பு ரகசியம் காக்க வேண்டும். சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது நாம் விரும்பினால் மட்டும். காகிதம் இல்லாவிட்டாலும் அவளுக்கு ஒரு பெயர் ஏற்கெனவே விழுந்துகொண்டுதான் இருக்கிறது: அடம், திமிர், நடிப்பு. எந்தப் பெயர் அவளுக்கு நல்லது என்று அவரே யோசிக்கட்டும்.

முடிவு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பள்ளி விட்டு வந்ததும் 45 நிமிடம் யாரும் கேள்வி கேட்கக்கூடாது. ‘இன்னிக்கு என்ன நடந்துச்சு, டெஸ்ட் பேப்பர் குடுத்தாங்களா’ எதுவும் வேண்டாம். சீருடை மாற்றப் பழைய பருத்தி நைட்டி, ஒரே டம்ளரில் ஒரே பானம், அரை வெளிச்ச அறை. பட்டறை வீட்டோடு இருக்கிறது என்கிறீர்கள்; கம்பி இழுக்கும் இயந்திரம், மெருகு மோட்டார் இரண்டையும் அந்த முக்கால் மணி நேரம் மட்டும் நிறுத்த முடியுமா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். ஆட்கள் டீ குடிக்கிற நேரத்தை அதற்குத் தள்ளினால் வேலையும் கெடாது. இந்த ஒரு மாற்றத்தை ஒரு வாரம் செய்து, வெடிப்பின் நிமிடங்கள் குறைகின்றனவா என்று நோட்டில் பாருங்கள். மூத்தவன் அந்த நேரத்தில் சத்தம் எழுப்புவான் என்றால் அவனுக்கு வெளியில் ஒரு வேலை கொடுங்கள்; ஒரே வீட்டில் இப்படி இரண்டு பிள்ளைகளின் தேவைகள் மோதிக்கொள்வது சகஜம், தங்கைதான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று வீட்டில் ஒரு சட்டம் எழுதாமலே அமலில் இருக்கும்.

பள்ளியில் கண்டறிதல் காகிதம் இல்லாமலே கேட்கக்கூடியவை உண்டு: பி.டி.யில் குழுவைப் பிள்ளைகள் பிரிக்காமல் ஆசிரியர் பிரிப்பது, நேர அட்டவணை மாறினால் முதல் நாளே சொல்வது, மதிய இடைவேளையில் பாதி நேரம் நூலகத்தில் இருக்க அனுமதி. கண்ணைப் பார்த்துப் பேசப் பழக்கிவிடுங்கள் என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். அதை அவள் தேவைக்கு அதிகமாகவே பழகிவிட்டாள்.

இன்னும் வயதுக்கு வரவில்லை என்றால் அதற்கும் இப்போதே தயார் செய்யுங்கள்; முன்னறிவிப்பு இல்லாத மாற்றம் இவர்களுக்கு ஆகாது. மூன்று நாலு வகை நாப்கின் வாங்கி அவளே தொட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். வாசனை சேர்த்தது வேண்டாம், மேலே பிளாஸ்டிக் வலை உள்ளதைவிடப் பருத்தி மேல்பரப்பு பலருக்கு ஒத்துப்போகும். ஒரு விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் சும்மா வைத்துப் பழகட்டும். ஈரத்தை உணர்வதே சிலருக்குக் குறைவு, அதனால் ‘நனைஞ்சா மாத்து’ என்று சொல்லாமல், கடிகாரத்தைப் பார்த்து 4 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று சொல்லுங்கள். பள்ளிப் பையில் ஒரு சின்னப் பையில் இரண்டு நாப்கின், ஒரு உள்ளாடை, காகித உறை, ‘மிஸ், நான் பாத்ரூம் போகணும்’ என்று எழுதிய துண்டுச் சீட்டு. சடங்கு, சீர் என்று ஊரைக் கூட்டி, பட்டு உடுத்தி, தலை நிறையப் பூ வைத்து, மைக் செட் போடுவது அவளுக்கு எப்படி இருக்கும் என்று நீங்களே இப்போது சொல்லிவிடுவீர்கள். பத்துப் பேர், அரை மணி நேரம், பருத்திப் பாவாடை என்று முன்பே பேசி முடித்துவிடுங்கள். தாய்மாமனிடம் நேரில் போய்ச் சொன்னால் கேட்பார்.

யாராவது ஆட்டிசத்தைக் குணப்படுத்துகிறோம், ஸ்டெம் செல், உடம்பிலிருந்து உலோகம் எடுக்கும் மருந்து என்று வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். மூத்தவன் விஷயத்திலேயே உங்களுக்கு இது பழகியிருக்கும்.

மதிப்பீட்டுக்குப் போகிற முந்திய நாள் அவளிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம், எந்த பஸ், அறையில் யார் இருப்பார், ஊசி கிடையாது, கேள்விகள் இருக்கும், தெரியாது என்று சொல்லலாம், நடுவில் எழுந்து வெளியே வரலாம், அங்கே கண்ணைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை, எண்ண வேண்டாம். போகிற வழியில் வேறு வேலை எதையும் சேர்த்து முடிக்காதீர்கள். திரும்பும்போது தட்டுவடைக் கடையில் நிறுத்தலாம். அவளுக்குச் சட்னி படாத தட்டு, தனிக் காகிதத்தில்.